கொடிமலைப் பாதையில் சுமை: அன்று தோளில், இன்று இடுப்பில்

பினாங்கின் கொடிமலைக்கு ஏறும் பாதை 1788இல் போடப்பட்டது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கி அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கீழே ஜார்ஜ் டவுனில் வெக்கையும் காய்ச்சலும். மேலே குளிர்ந்த காற்று. குதிரை போகிற அளவுக்குக் காட்டை வெட்டி வழி செய்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 135 ஆண்டுகள், மலை ரயில் ஓடத் தொடங்கும் வரை, மேலே போன அரிசி மூட்டை, விளக்கு எண்ணெய், கட்டில், பியானோ எதுவானாலும் ஒன்று குதிரை முதுகில் போனது, இல்லையென்றால் மனிதன் தோளில் போனது. துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்கூட அப்படித்தான் போனார்கள்.

கழிகளில் கட்டிய நாற்காலி, அதைச் சுற்றிலும் தோள் கொடுக்கும் ஆட்கள். டோலி என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பழைய அஞ்சலட்டைகளில் அந்தக் காட்சி இருக்கிறது. படத்தின் அடியில் மலையின் பெயர் இருக்கும். சுமந்தவர்களின் பெயர் இருக்காது. அதற்கும் முன்னால், 1790களிலிருந்தே, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இந்தத் தீவின் சாலைகளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இன்று முதுகில் பையோடு விருப்பத்துக்கு மலையேறும் நாம் நடப்பது, விருப்பம் கேட்கப்படாதவர்கள் சுமந்து நடந்த மலையில் என்பதை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தக் கட்டுரை பையைப் பற்றியது. ஆனால் பினாங்கில் பையைப் பற்றிப் பேச வேண்டுமானால் தோளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊருக்குள்ளும் சுமை தோளில்தான் இருந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் காவுதடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறி வகைகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களைத் தேடி நடந்தார்கள். இன்றைய நாசி கண்டார் கடைகளுக்கு அதுதான் ஆரம்பம். அந்தத் தடியைக் கவனித்துப் பார்த்தால் அதில் இருக்கும் அறிவு தெரியும். நடைக்கு ஏற்றபடி அது லேசாக வளைந்து நிமிரும், அதனால் எடை ஒரே அடியாகத் தோளில் இடிக்காது. ஒரு தோள் நொந்தால் நிற்காமலே மறு தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு எடை என்பதைவிட அது உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம் என்று அந்த மனிதர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவர்கள் தோள் சொல்லிக் கொடுத்தது.

மலை ரயில் 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1ஆம் தேதி ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்ட் அதை முறைப்படி திறந்து வைத்தார். நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். 2011இல் வந்த சுவிஸ் நாட்டு ரயில் நடுவில் மாறாமல் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. டோலிக்கும் கூலிக்கும் வேலை இல்லாமல் போனது 1923இல்தான். அன்று முதல் கொடிமலையில் நடந்து ஏறுவது பிழைப்புக்கான வேலையாக இல்லாமல், ஆசைப்பட்டு ஏறுகிறவர்களின் காரியமாக மாறத் தொடங்கியது.

ஆசைக்கு நடந்தவர்களிடம் சரியான பை நீண்ட காலம் இல்லை. காலை நடைக்குப் போகிறவர் கழுத்தில் ஒரு துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தண்ணீர் போத்தல், அவ்வளவுதான். சாரணர்களும் மாணவர்களும் கொஞ்சம் தூரம் போக நினைத்தால் ராணுவப் பைகள் கிடைத்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் அலைந்த படையினர் முதுகில் இருந்த பச்சை கான்வாஸ் பைகள் அவை. அந்தப் பைகளுக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் படை இரண்டாம் உலகப் போருக்குப் பயன்படுத்திய 1937ஆம் ஆண்டு மாதிரிப் பையும் வார்களும் கெட்டிப் பருத்தி. ஆசியக் காட்டு மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்தன, காயாமல் மட்கின. அதற்காகவே 1944இல் எடை குறைந்த, எளிதில் மட்காத புதிய மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். வெப்பக்காட்டுக்கு வேறு பை வேண்டும் என்று அடிபட்டுத் தெரிந்துகொண்டதற்கு அது ஒரு பெரிய உதாரணம்.

அந்த மாதிரியான பையை லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வாங்கி ஏறிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அண்ணன்மார்களைக் கேட்டால் பெருமையாகத்தான் சொல்வார்கள். ஆனால் பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோள் வார் இரண்டு விரல் அகலம், பஞ்சு கிடையாது. இடுப்புக்கு எதுவும் இல்லை, அல்லது பேருக்கு ஒரு நாடா. எடை முழுவதும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையில் அறுக்கும். திடமான பையன்கள் அதைத் தாங்கினார்கள். பெண்களும் வயதானவர்களும் நீண்ட மலை நடைக்கு வராமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. பையும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

இதே காலத்தில் அமெரிக்காவில் இரண்டு வேறு திசைகளில் வேலை நடந்தது. டிக் கெல்ட்டி என்பவர் 1952இல் அலுமினியச் சட்டகமும் இடுப்பு வாரும் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். எடை தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறங்கியது. 1967இல் கிரெக் லோவ் சட்டகத்தைப் பைக்குள்ளேயே வைத்தார். வசதி கூடக்கூடப் பையும் கனத்தது. காலிப்பையே இரண்டு மூன்று கிலோ ஆனது. மறுதிசையில் போனவர் எம்மா கேட்வுட் என்ற பாட்டி. 1955இல், 67 வயதில், தானே தைத்த துணி மூட்டையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு அப்பலாச்சியன் மலைப்பாதையின் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டரையும் தனியாக நடந்து முடித்தார். சுமக்கிற பொருளைக் குறைத்துவிட்டால் பையிலேயே அவ்வளவு அமைப்பு தேவையில்லை என்பதை அவர் நடந்தே காட்டினார். ரே ஜார்டீன் 1992இல் எழுதிய கையேடு அதே எண்ணத்தை முறைப்படுத்தியது. சட்டகம் இல்லாத சிறு பை, அதையும் அவரவரே தைத்துக்கொள்வது. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மொத்தச் சுமை நாலரைக் கிலோவுக்குள் என்று அங்கே பிற்பாடு ஒரு கணக்கும் வந்தது. பந்தயப் பாய்மரப் படகுகளுக்காக உருவான துணி பை தைக்க வந்தது. அரைக்கிலோ எடையில் ஐம்பது லிட்டர் பை என்பது இன்று கடையில் கிடைக்கிற பொருள்.

அது பினாங்குக்கும் வந்துவிட்டது. தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள நிலா வாசலில் விடிகாலையில் நின்று பார்த்தால் போதும். குடும்பமாக வருகிறார்கள், அக்கா தங்கைகள் கூட்டமாக வருகிறார்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வருகிறார்கள். பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதை வழியாக உச்சிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், நெடுக ஏற்றம். சற்று நீண்ட நடை வேண்டுமென்பவர்கள் தெலுக் பாஹாங்கில் 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காட்டுக்குப் போகிறார்கள். பந்தாய் கெராச்சுட் கடற்கரை, 1883இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் என்று நாள் முழுக்க நடக்க அங்கே பாதை உண்டு. 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்களும் கூடியிருக்கிறார்கள். முதுகில் இருக்கும் பைகளில் பாதிக்கு மேல் புதியவை. நல்ல விலை கொடுத்து வாங்கியவை. ஆனாலும் பலர் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே நடக்கிறார்கள், வாரை விரலால் தள்ளிப் பிடித்துக்கொள்கிறார்கள். பை உடம்போடு சேரவில்லை என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

காரணம் எளிது. அந்தப் பைகள் வேறு மலைக்கும் வேறு முதுகுக்கும் வெட்டப்பட்டவை. குளிர்ச் சட்டை, தூங்குபை, மூன்று நாள் உணவு என்று பருமனான பொருள்களுக்காக அவை பெரிதாக இருக்கின்றன. நமக்குக் கொடிமலையில் பருமனான பொருள் ஏதும் தேவையில்லை. நம் சுமை தண்ணீர். இந்த வெக்கையில் ஏறி இறங்க ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும், அது இரண்டு கிலோ. ஆகவே நம் கணக்கு இப்படி வரும்: 1,800 கிராம் பைக்குப் பதிலாக 800 கிராம் பை இருந்தால், அதே எடையில் ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுத்துப் போகலாம். எடை குறைந்த பைக்கு நம் ஊரில் உள்ள நியாயம் அதுதான். வேகமும் பெருமையும் அதற்குப் பின்னால்தான்.

அதனால் பையைக் கடைசியில் வாங்க வேண்டும். முதலில் எடுத்துப் போகும் பொருள்களை வீட்டுத் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். தண்ணீர், மழைச்சட்டை, மாற்றுச் சட்டை, தின்பண்டம், தலைவிளக்கு, மருந்து. பகல் நடைக்கு 20 லிட்டர் தாராளம். பெரிய பை வாங்கினால் காலி இடம் கண்ணை உறுத்தும், எதையாவது திணிக்கச் சொல்லும்.

அடுத்தது முதுகு நீளம். ஆள் உயரம் வேறு, முதுகு நீளம் வேறு. தலை குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளந்தால் வருவதுதான் பையின் அளவு. நம் பெண்கள் பலருக்கு இந்த நீளம் குறைவு. பொது அளவுப் பையை மாட்டினால் இடுப்பு வார் இடுப்பெலும்பில் நிற்காமல் தொடைப் பக்கம் சரிகிறது. பிறகு எடை முழுவதும் தோளுக்கே திரும்பிவிடுகிறது. வார் எங்கே உட்கார வேண்டும் என்பதைத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுக்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். தைப்பூசத்தன்று பெரிய காவடிச் சட்டகத்தின் எடையைத் தோள்பட்டைகளோடு இடுப்புப் பட்டையும் தாங்குகிறது. அந்தப் பட்டை இடுப்பெலும்பை இறுகப் பிடித்திருந்தால்தான் பக்தர் மலைப்படிகளை ஏற முடியும். கட்டிவிடுகிறவர்கள் பட்டையை எலும்பின் மேல் வைத்து இழுத்துப் பார்த்துச் சரிசெய்வதைப் பார்த்திருக்கிறேன். பைக்கும் அதே இடம்தான், அதே இறுக்கம்தான். சுமை நாலைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால் இடுப்பு வாரே தேவையில்லை, மெல்லிய நாடா போதும். அதற்கு மேல் போனால் பஞ்சு வைத்த பட்டை வேண்டும்.

விற்பனையாளர்கள் புகழ்கிற சில அம்சங்கள் இந்த மலையில் பயன்படுவதில்லை. வலை முதுகு அவற்றில் ஒன்று. முதுகில் காற்றுப் படட்டும் என்று வளைந்த கம்பியில் வலையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பினாங்கின் ஈரக்காற்றில் சட்டை எப்படியும் நனையத்தான் போகிறது. அந்தக் கம்பி எடையைக் கூட்டுகிறது, சுமையையும் முதுகிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அது பின்னுக்கு இழுக்கும். முதுகோடு ஒட்டிய பைதான் இங்கே சரி.

இன்னொன்று உள்பூச்சு. தண்ணீர் புகாமல் இருக்கப் பல பைகளின் உள்ளே பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் ஓரிரு ஆண்டு கிடந்தால் அது பிசுபிசுத்துத் தோல் தோலாக உரியும், புளித்த வாடை அடிக்கும். பயன்படுத்தாமல் பத்திரப்படுத்திய பைதான் சீக்கிரம் கெடும். சிலிக்கோன் பூசிய நைலான் அப்படிக் கெடாது. எந்தப் பூச்சாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாக மழை இறங்கும். மேலுறை போட்டாலும் முதுகுப் பக்கம் வழிகிற தண்ணீர் உள்ளே போகும். கெட்டியான குப்பைப் பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் பொருள்களை வைத்து வாயைச் சுருட்டிவிட்டால் முடிந்தது. வெளிப்புற வலைப் பையில் தின்பண்டம் வைக்காதீர்கள். பூங்கா வாசலில் இருக்கும் நீள்வால் குரங்குகளுக்கு அது அழைப்பிதழ்.

இனித் தையற்கடைக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் லெபோ பசார், லெபோ கிங் பக்கம் புடவைக்கடைகளை ஒட்டி இன்னும் சில தையற்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு கால்மிதித் தையல் இயந்திரம், பக்கத்தில் நூல்கண்டுகள். ரவிக்கைக்கு முதுகு அளவெடுக்கத் தெரிந்த கைக்குப் பைக்கு அளவெடுப்பது புதிய வேலை இல்லை. நான் கொண்டுபோன பழைய 40 லிட்டர் பையைப் பெரியவர் ஒருவர் முதலில் உட்புறம் வெளியே வரும்படி புரட்டினார். தோள் வார் தைத்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, “இது நாலு அடுக்கு, இதைத் தொடாதே. வேணும்னா இடுப்பு வாரை மேலே ஏத்தலாம்” என்றார். பையை மாட்டி நிற்கச் சொல்லி, இடுப்பெலும்புக்கு நேராகச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பட்டை மூன்று விரல் மேலே ஏறியது. மேல்மூடி தனியாகக் கழன்றது. அதன் கொக்கிகளும் வார்களும் அதோடு போயின. முதுகில் செருகியிருந்த பிளாஸ்டிக் பலகையை உருவிவிட்டு, அந்த இடத்தில் உட்காரும் மெத்தைத் தாளை இரண்டாக மடித்து வைத்தோம். வழியில் ஈரப்பாறையில் உட்கார அதுவே பாயாகிறது. அரை மீட்டர் தொங்கிய வார் நுனிகளை வெட்டி, மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஓரத்தை உருக்கி அடைத்தார். அந்த உருக்கும் வேலையை விட்டுவிட்டால் நைலான் நாடா சில நடையிலேயே பிரிந்துவிடும்.

நூல் விஷயத்தில் அவர் கறாராக இருந்தார். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும், பாலியெஸ்டர் நூல்தான். மெல்லிய நைலானில் ஊசி குத்திய ஓட்டை மூடாது, அதனால் ஒரே இடத்தில் பிரித்துப் பிரித்துத் தைக்கக் கூடாது. முதலில் குண்டூசி குத்தி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் தையல். இழுவை விழும் இடங்களில் முன்னும் பின்னுமாக நெருக்கித் தைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயனுள்ள மாற்றம் என்று நான் கருதுவது தோள் வாரின் முன்பக்கம் தைக்கும் போத்தல் பை. அரை லிட்டர் போத்தல் நெஞ்சுக்கு முன்னால் நிற்கும். பையைக் கழற்றாமல் குடிக்கலாம்; கழற்றச் சோம்பல்பட்டுக் குடிக்காமல் நடப்பதால்தான் பலருக்குப் பாதி வழியில் தலை சுற்றுகிறது. பின்சுமைக்கு முன்னால் ஒரு சிறு எடை இருப்பதால் உடம்பும் நேராக நிற்கும். பழைய மழைக்குடைத் துணியே இதற்குப் போதும். பக்கவாட்டுப் பைகளின் வாயை முன்பக்கமாகச் சாய்த்து வெட்டினாலும் இதே பலன்.

வெட்டக் கூடாதவையும் உண்டு. ஊதல் உள்ள நெஞ்சு வாரை எடுக்காதீர்கள், தலைவிளக்கைக் குறைக்காதீர்கள். மர நிழலில் ஆறரைக்கே இருட்டும். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் கொடிமலையில் மண்சரிவுகள் ஏற்பட்டதை ஊரே பார்த்தது. மழைச்சட்டையின் எடையை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

தையற்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000க்குள் முடிவுக்கு வந்தது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. வாடகை ஏறியது, கைவினைஞர்கள் பலர் இடம் பெயர்ந்தார்கள், அவர்கள் இருந்த கடைகளில் காப்பிக் கடைகளும் விடுதிகளும் வந்தன. ஆயிரம் வெள்ளி கொடுத்து வெளிநாட்டுப் பை வாங்க வசதி கூடியிருக்கும் அதே காலத்தில், நூறு வெள்ளிக்கும் குறைவாக அதை நம் முதுகுக்குப் பொருத்தித் தரும் கைகள் அருகி வருகின்றன. எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பணம் கிடைக்கிறது. அந்தக் கட்டடத்தின் அஞ்சடியில் உட்கார்ந்து பிழைத்தவருக்கு வேலை கொடுத்தால்தான் அவர் அங்கே இருப்பார்.

ஜீப் பாதையில் பாதிக்கு மேல் ஏறினால் எண்பத்து நாலாம் நிறுத்தம் என்று மக்கள் சொல்லும் இளைப்பாறும் இடம் வரும். தொண்டர்கள் அங்கே ஏறுகிறவர்களுக்குத் தேநீர் தருகிறார்கள். கைதிகளும் கூலிகளும் சுமந்து ஏறிய மலையில் இன்று முன்பின் தெரியாத ஒருவரின் தாகத்துக்காக மனம் விரும்பி உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மலையில் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

புதுப் பை வாங்கும் முன் வீட்டில் கிடக்கும் பழைய பையை ஒரு முறை லிட்டில் இந்தியா பக்கம் எடுத்துப் போங்கள். போகும்போது தண்ணீர் போத்தல்களையும் நீங்கள் வழக்கமாகச் சுமக்கும் பொருள்களையும் அதில் நிரப்பியே எடுத்துப் போங்கள், மலையேறும் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள். காலிப் பையை மாட்டி நின்றால் எந்தத் தையற்காரராலும் சரியான அளவு எடுக்க முடியாது.